பெடல் மிதிக்க ஒரு ஆள்

ஜனவரி 8

அன்புள்ள டிரைவர் அண்ணனுக்கு,

இந்தக் கோழிக் கிறுக்கலைப் பார்த்ததுமே யார் எழுதியது என்று தெரிந்திருக்கும். பதிமூன்று வருடத்தில் என் கையெழுத்து ஒரு பொட்டுகூடத் திருந்தவில்லை. உங்கள் முகவரியை நம் பழைய கம்பவுண்டர் கொடுத்தார். "போன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல நர்ஸம்மா. அவருக்குக் காது மந்தமாயிடுச்சு. நீங்க ஒண்ணு கேட்டா அவர் வேற ஒண்ணுக்குப் பதில் சொல்லுவார். எழுதிப் போடுங்க" என்றார். காது தவிர மற்றதெல்லாம் கச்சிதமாக இருக்கிறது, மகள் வீட்டில் நாலாவது மாடியில் இருக்கிறீர்கள் என்றும் சொன்னார். கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் சுகாதார நிலையத்து ஜீப்பை நான் ஏலத்தில் எடுத்துவிட்டேன்.

ஆமாம், நாம் இரண்டு பேரும் பன்னிரண்டு வருடம் தடுப்பூசிப் பெட்டியோடு ஊர் ஊராகச் சுற்றிய அதே பச்சை ஜீப்தான். அந்த விபத்துக்குப் பிறகு அதை அலுவலகத்துக்குப் பின்னால் மதிலோரம் தள்ளி, மேலே ஒரு கிழிந்த தார்ப்பாயைப் போட்டதோடு சரி. யாரும் தொடவில்லை. இப்போது அந்த இடத்தில் புதுக் கட்டடம் வருகிறதாம். ஏல நோட்டீஸ் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன், போய்க் கேட்டு எடுத்தேன். அடுத்த வாரம் லாரியில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர், அதுதான் எங்கள் வாத்தியார், போன வருடம்தான் ஓய்வு பெற்றார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷன். கார் நிறுத்தும் இடத்தில் ரோஜாத் தொட்டி வைக்கப் போவதாகத் திட்டம் போட்டிருந்தார். லாரியிலிருந்து இறங்கியதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, "இது வண்டியா, இல்ல வண்டியோட எக்ஸ்ரேவா?" என்றார்.

ஏன் எடுத்தாய் என்று அவரும் கேட்டார், எதிர்வீட்டுக்காரியும் கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் வேறு ஆளிடம் கொடுக்கப் போவதில்லை. நானே கையால் சரிசெய்யப் போகிறேன். ஊசி போடத் தெரிந்தவளுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதா?

முதல் சந்தேகம்: முன்பக்கம் ஸ்டார்ட் செய்கிற கம்பியைப் போட்டுச் சுற்றினால் எஞ்சின் ஒரு இம்மிகூட அசைய மாட்டேன் என்கிறது. என்ன செய்யட்டும்?

உங்களுக்குப் பதில் எழுத மனமில்லாவிட்டால் எழுத வேண்டாம். எழுதினால் சந்தோஷப்படுவேன்.

என்றும் அன்புடன்,
நர்ஸம்மா


ஜனவரி 19

மதிப்பிற்குரிய நர்ஸம்மாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வாகனம் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

கம்பியைப் போட்டு முரட்டுத்தனமாகச் சுற்ற வேண்டாம். நாலு பிளக்கையும் கழற்றுங்கள். ஓட்டை ஒவ்வொன்றிலும் எஞ்சின் ஆயிலும் மண்ணெண்ணெயும் சரிபாதி கலந்து இரண்டு மூடி ஊற்றுங்கள். எட்டு நாள் தொடாதீர்கள். ஒன்பதாம் நாள் கம்பியைப் போட்டு முன்னும் பின்னுமாக லேசாக ஆட்டிப் பாருங்கள். வராவிட்டால் இன்னொரு எட்டு நாள்.

கம்பியைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்கவும். எஞ்சின் திருப்பி அடித்தால் கட்டை விரல் போய்விடும்.

இப்படிக்கு,
டிரைவர்

இடது முன்விளக்கு வளையத்தில் நான் கட்டிய கம்பி இருக்கிறதா, இல்லை அதையும் யாராவது உருவிக்கொண்டு போய்விட்டார்களா?


பிப்ரவரி 16

அன்புள்ள டிரைவர் அண்ணனுக்கு,

கம்பி இருக்கிறது! விளக்குதான் இல்லை. வெறும் வளையத்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எட்டு நாள் கணக்கை வாத்தியார் காலண்டரில் வட்டம் போட்டுக் குறித்தார். ஒன்பதாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினேழாம் நாள் நான் லேசாக ஆட்டினேன். 'கிர்ர்' என்று ஒரு சத்தம். பிரசவ வார்டில் குழந்தை முதல் தடவை வாய் திறக்குமே, அப்படி இருந்தது எனக்கு. ஒரு முழுச் சுற்று வந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரி கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. சாப்பாட்டு மேஜை மேல் கார்புரேட்டர். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் ரேடியேட்டர் மூடி. ஏர் கிளீனருக்குள் ஒரு எலிக் குடும்பம் பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்திருக்கிறது. நம் அலுவலகத்துச் சுற்றறிக்கைகளைத்தான் மெத்தையாகக் கிழித்துப் போட்டிருந்தது. அந்தக் காகிதங்கள் யாருக்காவது பிரயோஜனப்பட்டது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வாத்தியார் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார். இரண்டாம் வாரம் குறை சொன்னார். மூன்றாம் வாரம் நான் போல்ட்டுகளைக் கழற்றி ஒரே டப்பாவில் போடுவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் உள்ளே இறங்கிவிட்டார். இப்போது ஒவ்வொரு போல்ட்டும் ஒரு மாத்திரைக் கவரில் இருக்கிறது. கவரின் மேல் 'முன் இடது, மேல், 2' என்று அழகான கையெழுத்து. கவரில் ஏற்கெனவே 'உணவுக்குப் பின்' என்று அச்சடித்திருப்பதை மட்டும் அவர் அடிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை முன்சீட்டில் ஏறி உட்காரப் போனவர், தரைத் தகட்டோடு முழங்கால் வரை கீழே போய்விட்டார். அடி ஒன்றும் இல்லை. ஜீப்புக்குள் ஒரு கால், தெருவில் ஒரு கால் என்று நின்றுகொண்டு, "கண்டுபிடிச்சுட்டேன். தரை இல்ல" என்றார். மூன்று தெரு தள்ளி இரும்பு கேட் செய்கிற வெல்டிங்காரம்மா ஒருத்தி இருக்கிறாள். வந்து பார்த்துவிட்டு, "இதுல எங்கக்கா வெல்டிங் வைக்கிறது? துருவுக்கும் துருவுக்கும் கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்றீங்களா?" என்றாள். இருந்தாலும் புதுத் தகடு வெட்டி வைத்துக் கொடுத்துவிட்டாள்.

இப்போது சந்தேகம். வலது பக்கச் சக்கரங்களின் நட்டுகள் வந்துவிட்டன. இடது பக்கம் ஒன்றுகூட வரவில்லை. எண்ணெய் விட்டோம், சூடு காட்டினோம். வாத்தியார் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தார். ஸ்பேனர்தான் வளைந்தது.

உங்கள் மகள், மாப்பிள்ளை எல்லோரும் சௌக்கியமா? உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. வண்டிக்கு மட்டும் வைத்தியம் சொன்னால் போதுமா?

என்றும் அன்புடன்,
நர்ஸம்மா


பிப்ரவரி 27

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

வாத்தியாரை முதலில் ஸ்பேனரை விட்டு இறங்கச் சொல்லுங்கள். இடது பக்க நட்டுகளுக்கு மரை மாறி வெட்டியிருக்கும். அந்தக் காலத்து ஜீப்புகளில் அப்படித்தான். நீங்கள் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இத்தனை நாள் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எதிர்ப்பக்கம் திருப்புங்கள். வரும்.

இதைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததில் மகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடிதத்தைக் காட்டினேன். 'தரை இல்ல' என்ற இடத்தில் அவளும் சிரித்தாள். மாப்பிள்ளை கார்புரேட்டர் படம் ஒன்று எடுத்துக் கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். உள்ளே மிதக்கிற பித்தளை டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். பெட்ரோல் சத்தம் கேட்டால் அது ஓட்டை.

என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். காலையில் பால்கனியில் உட்கார்ந்து கீழே வண்டி நிறுத்துகிறவர்களைப் பார்ப்பேன். மொத்தம் முப்பத்தாறு வண்டி. அதில் நாலு பேருக்குத்தான் ரிவர்ஸ் எடுக்கத் தெரியும். இரண்டாவது மாடி டாக்டர் தினமும் தூணைக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்துவார். பத்து மணிக்கு மேல் பார்க்க வண்டி இருக்காது. பேப்பர் படிப்பேன்.

நான் ஓட்டுவதில்லை. லைசென்சை மட்டும் விடாமல் புதுப்பித்து வைத்திருக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை. அந்த ஓடை இறக்கத்தில் விழுந்ததற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. பிரேக் என்று நினைத்துக் கிளட்சை மிதித்துவிட்டேன் என்று விசாரணையில் சொன்னார்கள். முதலில் இல்லை என்றுதான் சொன்னேன். வண்டியைச் சோதித்தாகிவிட்டது, பிரேக்கில் குறையே இல்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். பத்துப் பேர் சொல்லச் சொல்ல, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கே தோன்றிவிட்டது. முப்பது வருடம் ஓட்டிய கால். ஒரு நிமிடம் ஏமாற்றிவிட்டது. உங்கள் கையை வேறு உடைத்துவிட்டேன். அதற்கு இதுவரை உங்களிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. இப்போது தெரிவித்துக்கொள்கிறேன்.

மழைக்காலத்தில் அந்தக் கை வலிக்கிறதா?

அன்புடன்,
டிரைவர்


மார்ச் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாளாகக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். கை வலிக்கவில்லை. என்னிடம் வருத்தம் தெரிவித்திருக்கிறீர்களே, அதுதான் வலிக்கிறது.

நீங்கள் என்மேல் கோபமாக இருக்கிறீர்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்தேன். உங்கள்மேலேயே கோபமாக இருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

நான் பார்த்தேன் அண்ணா. உங்கள் வலது கால் பிரேக்கைத்தான் மிதித்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை மிதித்தீர்கள். மூன்றாவது தடவை பெடல் தரையோடு தரையாகப் போய் ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியைப் பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் ஓடைப் பக்கம் ஒடித்தீர்கள். அதனால்தான் இன்று நான் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன்.

விசாரணையில் அந்த அதிகாரி, "டிரைவர் பிரேக் போட்டாராம்மா?" என்று கேட்டார். நான், "தடுப்பூசிப் பெட்டியப் பிடிச்சுட்டு இருந்தேன் சார். கவனிக்கல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 'வண்டி நல்ல நிலையில் உள்ளது' என்று மாதாமாதம் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். "நர்ஸம்மா, பிரேக் கொஞ்சம் இறங்குது. ஒர்க்‌ஷாப்புக்கு எழுதுங்க" என்று அந்த மாதமே இரண்டு தடவை சொன்னீர்கள். முகாம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். கையெழுத்தை மட்டும் தவறாமல் போட்டேன். பிரேக் பிடிக்கவில்லை என்று நான் வாய் திறந்திருந்தால் அடுத்த கேள்வி என் கையெழுத்தைப் பற்றித்தான் வந்திருக்கும். கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்துகொண்டு, பயத்தில், பெரிய பொய்யைச் சின்ன வார்த்தையில் சொல்லிவிட்டேன். உங்களை வண்டியிலிருந்து இறக்கி ஸ்டோர் ரூமில் போட்டார்கள். அந்த வழியாக நடக்கக் கூசி, நான் மாற்றல் வாங்கிக்கொண்டு போனேன்.

ஜீப்பை ஏன் எடுத்தேன் என்று எல்லோரும் கேட்டதற்குப் பதில் இதுதான்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே மத்தியானம் வண்டிக்கு அடியில் படுத்தேன். வாத்தியார் டார்ச் பிடித்தார். பின்சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் போகிற செம்பு டியூபை ஒரு கிளிப் சேஸிஸோடு சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கிளிப் உடைந்து தொங்குகிறது. டியூப் சேஸிஸ் விளிம்பில் உரசி உரசி ஒரு பக்கம் தகடாகி, நடுவில் நகக்கண் அளவுக்கு ஓட்டை. இதைச் சோதித்ததாக எழுதிக்கொடுத்தவர்கள் யாரும் கீழே குனிந்திருக்க மாட்டார்கள்.

அந்தத் துண்டை அறுத்து இந்தப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீங்களே கையில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் கால் ஏமாற்றவில்லை. நான்தான் ஏமாற்றினேன்.

நர்ஸ்


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் கேட்டு எழுதவில்லை. செய்தி சொல்ல மட்டும்தான்.

இன்று காலை பத்தே காலுக்கு எஞ்சின் ஓடியது. பெட்ரோல் டேங்க் இன்னும் தயாராகவில்லை. அதனால் பழைய சலைன் ஸ்டாண்டைப் பக்கத்தில் நிறுத்தி, பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, டியூப் வழியாகக் கார்புரேட்டருக்குச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வாத்தியார் கம்பியைச் சுற்றினார், கட்டை விரலைச் சேர்த்து வைத்துத்தான். ஆறாவது சுற்றில் ஒரு வெடி, ஒரு கரும்புகை. அதற்குப் பிறகு அந்தப் பழைய சத்தம் வந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். இரண்டாவது சிலிண்டரில் மட்டும் லேசாக ஒரு டிக் டிக் இருக்கிறது. மற்ற மூன்றும் அருமை.

வெல்டிங்காரம்மா கை தட்டினாள். வாத்தியார் முகம் முழுக்கக் கரி. "இதுக்கு நான் தேவைப்பட்டேன் பாத்தியா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டார்.

உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

நர்ஸ்


ஏப்ரல் 28

நர்ஸம்மாவுக்கு,

இரண்டு கடிதமும் பார்சலும் வந்து சேர்ந்தன.

பார்சல் வந்ததிலிருந்து உங்களோடு பேசாமல் இருந்தேன். நீங்கள் அங்கே இருப்பதால் அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கு நன்றாகத் தெரிந்தது.

டியூப் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே தெருவில் லேத் வைத்திருக்கிறவரிடம் போனேன். ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதுக்குப் பக்கத்தில் வந்து சத்தமாக, "உரசித் தேஞ்சிருக்கு பெரியவரே. இது இருந்த வண்டியில பிரேக் நின்னிருக்காதே, உள்ள இருந்தவங்க பொழச்சாங்களா?" என்றார். "பொழச்சாங்க" என்றேன். அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்களும் நின்று பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகவே இல்லை. இன்னும் நாலு பேர் கேட்டிருக்கலாம் என்று இருந்தது.

படியில் ஏறும்போது இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே எனக்குக் கோபம் வந்தது நர்ஸம்மா. கொஞ்ச நஞ்சக் கோபம் இல்லை. பஞ்சுக் கட்டுக்கும் பினாயில் டப்பாவுக்கும் மூன்று வருடம் காவல் இருந்தேன். அதைக்கூட விட்டுவிடலாம். என் வீட்டுக்காரி கடைசிவரைக்கும், "உங்க கால் தப்புப் பண்ணாதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நான் எரிந்து விழுவேன். அவள் போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. 'நீ சொன்னது சரிதான்' என்று இனி யாரிடம் போய்ச் சொல்வது? இது உங்களால் வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதுகிறவன் ஆவேன்.

ஆனால் ஒன்று. மறுநாள் காலையில் பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது என் வலது கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. யாரோ கீழே வண்டியை எடுக்கிறார்கள், இந்தக் கால் மேலே இருந்து பிரேக் போடுகிறது. மகள்தான் காட்டினாள். பதிமூன்று வருடமாக அந்தக் காலை நான் ஒரு குற்றவாளி மாதிரி நடத்தியிருக்கிறேன். அது பாட்டுக்கு வேலையை மறக்காமல் இருந்திருக்கிறது. சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது.

மன்னித்துவிட்டேன் என்று கடிதத்தில் எழுத மாட்டேன். முதலில் நேரில் வந்து திட்ட வேண்டும். பத்து நாள் தங்கித் திட்டுவதாக உத்தேசம். மே பதினாலு காலை ரயிலில் வருகிறேன்.

புது பிரேக் டியூப் போட்டிருந்தால் அதோடு நிறுத்துங்கள். ஆயில் ஊற்றி டியூபுக்குள் இருக்கிற காற்றை எடுக்கிற வேலையைத் தொட வேண்டாம். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். கீழே படுத்து நட்டைத் திறக்க நீங்கள் போதும். பெடலை நான் மிதிக்கிறேன்.

டிரைவர்

டிக் டிக் சத்தம் வால்வு இடைவெளி. வந்து பார்க்கிறேன்.


ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? நீங்கள் கிளம்பியதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. வாத்தியாருக்கு என்மேல் குறை சொல்லத் துணைக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

பத்து நாள் திட்டுவதாகச் சொன்ன மனுஷன், முதல் நாள் வாசலில் நின்று செருப்பைக்கூடக் கழற்றாமல் அரை மணி நேரம் திட்டியதோடு முடித்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு திட்டியதெல்லாம் நான் வயர் சுற்றிய அழகுக்குத்தான். அந்த அரை மணி நேரத்தில் ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லை நீங்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பிரேக் காற்று எடுத்த அன்று நான் கீழே படுத்திருந்தேன், நீங்கள் மேலே. நான் கத்துவது உங்களுக்குக் கேட்காது என்று வாத்தியார் 'மிதி', 'விடு' என்று இரண்டு அட்டை எழுதிக்கொண்டு முன்னால் நின்றார். முதலில் நட்டில் மாட்டியிருந்த கண்ணாடிக் குழாயில் முழுக்கக் குமிழி. மிதி, விடு, மிதி, விடு. குமிழி குறைந்து குறைந்து, கடைசியில் சுத்தமான ஆயில் மட்டும் வந்தது. நான் நட்டை இறுக்கினேன். "இப்ப பாருங்க!" என்று வாத்தியார் கையால் காட்டினார். நீங்கள் மிதித்தீர்கள். "கல்லு மாதிரி நிக்குது" என்றீர்கள். கீழே எனக்குக் கேட்டது. உங்கள் கால் அதன் மேலேயே இருந்தது. வாத்தியார் 'விடு' அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாராம். நீங்கள் அட்டையைப் பார்க்கவே இல்லையாம். பிறகு அவர் சத்தமில்லாமல் அட்டையைக் கீழே இறக்கி, திரும்பி நின்றுகொண்டாராம். இதை நீங்கள் போன பிறகுதான் என்னிடம் சொன்னார்.

மறுநாள் ஓடை இறக்கத்தில் நீங்கள் செய்த கூத்தை எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். நட்ட நடு இறக்கத்தில் ஒரு தடவை நிறுத்தினீர்கள். பத்தடி போய் இன்னொரு தடவை. மறுபடியும் ஒரு தடவை. நாலாவது தடவைக்குக் கால் போகும்போதுதான் பின்சீட்டிலிருந்து இவர், "நிக்குதுன்னு நிரூபணம் ஆயிடுச்சு. இனிமே அடுத்த கணக்குக்குப் போலாமா?" என்றார். அடுத்த கணக்கு கீழே காத்திருந்தது, முழங்கால் அளவுச் சேறு. பின்சக்கரம் சுற்றிச் சுற்றி என் புடவை, இவர் சட்டை, எல்லாம் ஒரே நிறம். நீங்கள் அலட்டிக்கொள்ளாமல் அந்தக் குட்டிக் கம்பியைத் தள்ளி நாலு சக்கரத்தையும் சேர்த்தீர்கள். ஆனை எழுந்திருக்கிற மாதிரி நிதானமாக ஏறி வந்தது. அக்கரையில் நீங்கள் வண்டியை நிறுத்தி ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். எனக்கு அது போதும்.

இன்னொரு செய்தி. நேற்று அலுவலகத்துக்குப் போனேன். இப்போதிருக்கிற அதிகாரி சின்ன வயசுப் பெண். நடந்ததையும், நான் அன்று சொல்லாததையும், கையெழுத்துப் போட்டதையும் மூன்று பக்கம் எழுதி, டியூபின் போட்டோவோடு கொடுத்தேன். "அந்த ஃபைல் மூடியாச்சும்மா. இப்ப இதனால என்ன ஆகப்போகுது?" என்றாள். "ஒண்ணும் ஆகாட்டி பரவால்ல. ஃபைல்ல இருக்கணும்" என்றேன். மூன்று பக்கத்தையும் வாசித்தாள். பிறகு எழுந்து, தானே போய் அந்தப் பழைய ஃபைலைத் தூசி தட்டி எடுத்து வந்து, என் கண் முன்னால் மேலாக வைத்துக் கட்டினாள். முத்திரை வைத்த நகல் ஒன்று இத்துடன் இருக்கிறது. எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரலாம் என்றாள். வரட்டும். வாத்தியார் பதில் எழுதித் தருவதாக இப்போதே பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்.

ஜீப்புக்குப் பச்சை அடித்தாகிவிட்டது. ரோஜாத் தொட்டிகள் மொட்டை மாடிக்குப் போய்விட்டன.

என்றும் அன்புடன்,
உங்கள் நர்ஸம்மா


ஜூன் 30

அன்புள்ள நர்ஸம்மாவுக்கும் வாத்தியாருக்கும்,

நகல் கிடைத்தது. மகள் சத்தமாகப் படித்தாள். மூன்றாவது பக்கத்தில் காகிதத்தை மாப்பிள்ளையிடம் நீட்டிவிட்டாள், மீதியை அவர் படித்தார். அதை என் வீட்டுக்காரி போட்டோவுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். அவள் சொன்னதும் அதுவும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

நீங்கள் கேட்காமலேயே ஒன்று சொல்கிறேன். மன்னிப்பு என்று நான் எழுதாமல் வைத்திருந்தேனே, அது ஓடைக்கு அக்கரையிலேயே ஆகிவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் ஃபைலில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூர் கிளம்பினார். ஸ்டேஷன் வரை அவரே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். திரும்பும்போது மகள்தான் ஓட்ட வேண்டும். பாவம், அவளுக்கு அந்த வாரம் முழுக்க வேலை. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். நான் கையை நீட்டினேன். சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து நான் ஓட்டி அவள் பார்த்ததே இல்லை. "நிஜமாவாப்பா?" என்றாள். பிறகு கொடுத்துவிட்டு, சுற்றிப் போய் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

புதுக் கார். எல்லாம் பொத்தான். கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது, பிடிக்கவே இல்லை. முதல் சிக்னல் வரை அவள் மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வந்தான். என் கால் போக வேண்டிய இடத்துக்குப் போனது. வண்டி குலுங்காமல் நின்றது. அவள் கைப்பிடியை விட்டாள்.

பாலம் தாண்டி ஏதோ கேட்கலாம் என்று திரும்பினால், தூங்கியிருக்கிறாள். தலை கண்ணாடியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, சின்ன வயதில் தூங்குவாளே அதே மாதிரி.

வீட்டு வாசல் வந்தது. நிறுத்தினால் விழித்துக்கொள்வாள் என்று தாண்டிப் போய் ஒரு சுற்றுச் சுற்றினேன். அப்புறம் இன்னொரு சுற்று. இரண்டாவது மாடி டாக்டர் தூணுக்குப் பக்கத்தில் நின்று, இந்த ஆள் ஏன் நிறுத்தாமல் சுற்றுகிறான் என்று பார்த்தார். நான் தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். மறுபடி வாசலைக் கடக்கும்போது மகள் அரைக் கண் திறந்து, "வந்துட்டோமாப்பா?" என்று கேட்டாள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"இன்னும் இல்லம்மா. தூங்கு" என்று சொல்லிவிட்டு மூன்றாவது சுற்றுக்குத் திருப்பினேன்.

அன்புடன்,
டிரைவர்